அக்காவின் புற்றுநோய் ஏன் பரவியது? குட்டி ஆர்.என்.ஏ. பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செம்பருத்தி78 | திங்கள், இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு 2021ல் மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். நாங்களும் கும்பிடாத சாமி இல்லை, நிம்மதியாக இருந்தோம். போன மாதம் முதுகுவலி என்று போனாள். பெட் ஸ்கேனில் முதுகெலும்பிலும் நுரையீரலிலும் இருக்கிறது என்று வந்திருக்கிறது.

"எடுத்தாச்சு என்றார்களே, அப்புறம் எங்கே ஒளிந்திருந்தது?" என்று அக்கா கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை. இரவெல்லாம் தேடிப் படித்ததில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற மிகச் சிறிய மூலக்கூறுகள்தான் புற்றுநோய் பரவுவதைத் தீர்மானிக்கின்றன என்று ஓரிடத்தில் இருந்தது. நான் பிளஸ் டூவில் உயிரியல் படித்தவள், அதோடு சரி.

இன்னொன்று. ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஆள் வந்து, ரத்தத்தில் இந்த ஆர்.என்.ஏ.வை அளந்து இனி எங்கே பரவும் என்று சொல்லிவிடுவோம் என்கிறார். கேட்கும் தொகைக்கு வளையலை அடகு வைக்க வேண்டும். செய்யலாமா?


ஆய்வுமேசை | செவ்வாய், காலை 6:15

அக்கா, உங்கள் அக்காவுக்கு இப்படி ஆனது வருத்தமாக இருக்கிறது. நான் ஆர்.என்.ஏ. ஆய்வகத்தில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். மருத்துவர் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், பணம் கட்டாதீர்கள். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

பரவுவது என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். நீங்கள் வயல் பக்கம் வளர்ந்தவரா என்று தெரியாது. நாற்றங்காலில் நெருக்கமாக நிற்கும் நாற்றைப் பிடுங்கி, முடிச்சுக் கட்டி, வேறு வயலில் நடுகிறோம். அது அங்கே வேர் பிடித்தால்தான் பயிர். புற்றுநோய் செல்லுக்கும் இத்தனை வேலையும் இருக்கிறது. பக்கத்துச் செல்களின் பிடியிலிருந்து விடுபட வேண்டும், ரத்தக் குழாய்க்குள் நுழைய வேண்டும், ரத்த ஓட்டத்தில் உயிர் பிழைக்க வேண்டும், வேறு உறுப்பில் வெளியேறி, அந்த மண்ணில் வேர் பிடிக்க வேண்டும். பெரும்பாலான செல்கள் வழியிலேயே செத்துவிடும். 1970ல் ஐசாயா ஃபிட்லர் என்பவர் கதிரியக்க அடையாளமிட்ட புற்றுநோய் செல்களை எலியின் ரத்தத்தில் செலுத்திக் கணக்கெடுத்தார். பத்தாயிரத்தில் ஒன்றுகூடப் புதுக் கட்டியாக வளரவில்லை.

மண் என்று நான் சொன்னதும் புதிதல்ல. லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற மருத்துவர் 1889லேயே, மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, விதை எங்கும் விழுகிறது, ஏற்ற மண்ணில்தான் முளைக்கிறது என்று எழுதினார். எலும்பும் நுரையீரலும் கல்லீரலும் மூளையும் மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்ற மண்.

இதில் குட்டி ஆர்.என்.ஏ.வுக்கு என்ன வேலை? டி.என்.ஏ.வில் இருக்கும் செய்தி, தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, அதைப் படித்துத்தான் செல் புரதம் செய்கிறது. ஆர்.என்.ஏ. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் ஓர் எழுத்து என்போம். மைக்ரோ ஆர்.என்.ஏ. சுமார் 22 எழுத்து நீளம்தான். அதிலிருந்து புரதம் எதுவும் வராது. ஆர்கோனாட் என்ற புரதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, தனக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்து ஒட்டும். ஒட்டினால் அந்தத் தூது சீக்கிரம் சிதையும், அல்லது புரதமாக மாறுவது குறையும். அடுப்பை அணைப்பதில்லை, சிம்மில் வைக்கிறது.

இதை முதலில் பார்த்தது ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுவில். 1993ல் விக்டர் ஆம்ப்ரோஸ் குழு லின்-4 என்ற குட்டி ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்தது. அது லின்-14 என்ற ஜீனின் செய்தியை அடக்குகிறது என்று கேரி ருவ்கன் குழு காட்டியது. புழுவுக்கு மட்டும் உள்ள விநோதம் என்றே பல வருடம் நினைத்தார்கள். 2000ல் ருவ்கன் லெட்-7 என்ற இன்னொன்றைக் கண்டுபிடித்து, அது மனிதன் உட்பட எத்தனையோ விலங்குகளில் மாறாமல் இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 2024 நோபல் பரிசு இவர்கள் இருவருக்கும்.

புற்றுநோயால் இறப்பவர்களில் 100க்கு 90 பேர் இறப்பது இந்தப் பரவலால்தான். அதனால் எங்கள் துறையில் பாதிப்பேர் இதைத்தான் பார்க்கிறோம். மீதி இன்று இரவு.


பாலாறு | செவ்வாய், காலை 9:02

90 சதவீதம் என்பதை எல்லோரும் எல்லாக் கட்டுரையிலும் எழுதுகிறார்கள், எங்கிருந்து வந்தது என்று யாரும் காட்டுவதில்லை. நார்வே நாட்டுப் பதிவேட்டை வைத்து 2019ல் சரிபார்த்தார்கள். 2005 முதல் 2015 வரை திடக் கட்டிகளால் இறந்தவர்களில் பரவல் காரணமாக இறந்ததாகப் பதிவானவர்கள் மூன்றில் இரண்டு பங்கு. மூளைக் கட்டி பரவாமலே கொல்லும். ரத்தப் புற்றுநோய்க்கு இந்தக் கணக்கே பொருந்தாது. மூன்றில் இரண்டும் பெரிய எண்தான், ஆனால் எண்ணைச் சரியாகச் சொல்ல வேண்டும்.


ஆய்வுமேசை | செவ்வாய், காலை 9:30

ஒப்புக்கொள்கிறேன். மூன்றில் இரண்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பழக்கத்தில் எழுதிவிட்டேன்.


கணக்குவாத்தியார் | செவ்வாய், பகல் 12:20

தம்பி, ஒரு சந்தேகம். ஆர்.என்.ஏ.வுக்கு நான்கு எழுத்து. 22 எழுத்துச் சொல் என்றால் 4ஐ 22 முறை பெருக்க வேண்டும். போட்டுப் பார்த்தேன், 17 லட்சம் கோடிக்கு மேல் வருகிறது. அப்படியானால் ஒரு குட்டி ஆர்.என்.ஏ. தற்செயலாக இன்னொரு செய்தியில் போய் ஒட்டவே வாய்ப்பில்லை. ஒரு பூட்டுக்கு ஒரு சாவிதான். ஆனால் நான் படிக்கும் இடத்திலெல்லாம் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான ஜீன்களைக் கட்டுப்படுத்துகிறது என்கிறார்கள். கணக்கு இடிக்கிறதே?


ஆய்வுமேசை | செவ்வாய், இரவு 9:10

ஐயா, இந்தத் துறையின் தலைவலி முழுவதும் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. 22 எழுத்தும் பொருந்த வேண்டியதில்லை. 2வது எழுத்திலிருந்து 8வது வரை, அந்த ஏழு எழுத்து பொருந்தினாலே பெரும்பாலும் போதும்.


கணக்குவாத்தியார் | செவ்வாய், இரவு 9:25

அப்படியானால் 4ஐ ஏழு முறை. 16,384. அதாவது பதினாறாயிரம் எழுத்துக்கு ஒரு முறை சும்மாவே வந்துவிடும். இப்போது புரிகிறது, ஒன்று நூற்றுக்கணக்கில் ஏன் தொடுகிறது என்று. அதே கணக்கில் ஒரு ஜீனைப் பல குட்டி ஆர்.என்.ஏ.க்களும் தொடும், இல்லையா?


ஆய்வுமேசை | செவ்வாய், இரவு 10:05

ஆமாம் ஐயா. மனித ஜீன்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஏதாவதொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் பிடியில் இருக்கின்றன. அதனால்தான் "இந்த ஒன்று கெட்டது, இதை அடக்கு" என்று சொல்வது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

பரவலில் முதல் பெரிய ஆதாரம் 2007ல் வந்தது. பாஸ்டன் பக்கம் வைட்ஹெட் நிறுவனத்தில் ராபர்ட் வைன்பெர்க் ஆய்வகத்தில் லீ மா என்பவர் மிர்-10பி என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பிடித்தார். பரவும் குணமில்லாத மார்பகப் புற்றுநோய் செல்லுக்குள் இதை அதிகமாக்கி எலியில் வைத்தால், அந்தச் செல் ஊடுருவவும் பரவவும் ஆரம்பித்தது. சங்கிலி இப்படி: ட்விஸ்ட் என்ற புரதம் மிர்-10பியைக் கூட்டுகிறது. மிர்-10பி, ஹாக்ஸ்-டி10 என்ற ஜீனைச் சிம்மில் வைக்கிறது. ஹாக்ஸ்-டி10 அதுவரை அடக்கி வைத்திருந்த ரோ-சி என்ற புரதம் தலைதூக்குகிறது. ரோ-சி செல்லை நகர வைக்கும்.

2010ல் அதே லீ மா, மிர்-10பியைப் போய்க் கட்டிப்போடும் மருந்து மூலக்கூறை எலிகளுக்குக் கொடுத்தார். நுரையீரலில் வரும் கட்டிகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் முதலில் வந்த கட்டி கொஞ்சம்கூடச் சுருங்கவில்லை! செம்பருத்தி அக்கா, உங்கள் கேள்விக்கு இது முக்கியம். கட்டி வளர்வது ஒரு விஷயம், கட்டியிலிருந்து செல் பிரிந்து போவது வேறு விஷயம். ஒன்றை நிறுத்தும் மருந்து இன்னொன்றை நிறுத்த வேண்டும் என்று கட்டாயமில்லை. கட்டியை மட்டும் அளந்துகொண்டிருந்தால் அந்த மருந்து தோல்வி என்றே சொல்லியிருப்பார்கள்.


பாலாறு | புதன், காலை 7:40

2007 கட்டுரைக்கு அடுத்த வருடமே மறுப்பு வந்ததைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய் நோயாளிகளின் கட்டிகளை எடுத்துப் பார்த்த இன்னொரு குழு, கட்டியில் மிர்-10பி அளவுக்கும் பின்னால் பரவியதற்கும் தொடர்பு தெரியவில்லை என்று அதே பத்திரிகையில் எழுதியது. எலியில் உண்மை, மனிதனில் உண்மை என்று இரண்டு இருக்கிறது. நோயாளி வீட்டார் படிக்கும் இழை இது, அதனால் சொல்கிறேன்.


ஆய்வுமேசை | புதன், காலை 8:15

சரியான இடத்தில் பிடித்தீர்கள். முழுக் கட்டியை அரைத்து அளந்தால், பரவக் கிளம்பும் ஒரு சில செல்களின் குரல் கூட்டத்தில் கேட்காமல் போகலாம் என்பது ஒரு விளக்கம். ஆனால் அது விளக்கம்தான், மறுப்புக்கு முடிவான பதில் இல்லை.

நோயாளிகளிடமும் ஒத்துப்போன வேலை ஒன்றும் இருக்கிறது. 2008 தொடக்கத்தில் நியூயார்க்கில் ஜோன் மசகே ஆய்வகத்தில் சோஹைல் தவாசோயி, நுரையீரலுக்கும் எலும்புக்கும் பரவும் மனித மார்பகப் புற்றுநோய் செல்களில் எந்தெந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. காணாமல் போயிருக்கிறது என்று தேடினார். மிர்-335, மிர்-126 இரண்டும் தொலைந்திருந்தன. திரும்பக் கொடுத்தால் பரவல் குறைந்தது. இந்த இரண்டும் குறைந்திருந்த நோயாளிகளுக்கு நோய் சீக்கிரம் திரும்பியிருந்தது. ஆக மிர்-10பி கிளப்பிவிடுவது, மிர்-335 பிடித்து வைப்பது. இந்த அளவில் நின்றிருந்தால் நல்லவர், கெட்டவர் என்று பட்டியல் போட்டிருக்கலாம்.


செம்பருத்தி78 | புதன், பகல் 2:30

நாற்று என்றதும் எனக்கு நன்றாகப் புரிந்தது. நாங்கள் நடவுக்குப் போய் வளர்ந்த வீடுதான். அப்படியானால் பிடித்து வைக்கும் ஆர்.என்.ஏ.வை ஊசியாகக் கொடுத்துவிட்டால் போதாதா? ஏன் பட்டியல் போட முடியாது என்கிறீர்கள்?


ஆய்வுமேசை | புதன், இரவு 11:20

அக்கா, இதற்கு மிர்-200 குடும்பத்தின் கதையைச் சொல்ல வேண்டும். எனக்குத் தூக்கம் கெடுத்த கதை.

செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க ஈ-கேடெரின் என்ற பசை வேண்டும். செப்-1, செப்-2 என்ற இரண்டு புரதங்கள் அந்தப் பசை உருவாவதைத் தடுப்பவை. மிர்-200 அந்த இரண்டையும் அடக்கி வைக்கிறது. மிர்-200 இருக்கும்வரை பசை இருக்கும், செல் இடத்தை விட்டு அசையாது. மிர்-200 போனால் பசை போகும், செல் நீண்டு மெலிந்து நகரும் குணத்துக்கு மாறும். 2008ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கிரெகரி குட்டால் குழு உட்பட நான்கு குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இதைச் சொன்னார்கள். பிரின்ஸ்டனில் யிபின் காங் ஆய்வகமும் அதில் ஒன்று. எல்லோரும் மிர்-200 பரவலைத் தடுக்கும் நல்ல மூலக்கூறு என்று முடிவுக்கு வந்தோம்.

2011ல் அதே காங் ஆய்வகம் தலைகீழான முடிவை வெளியிட்டது. மார்பகப் புற்றுநோய் செல்லில் மிர்-200ஐக் கூட்டினால் எலியின் நுரையீரலில் கட்டிகள் அதிகமாக முளைத்தன. இந்தத் தடவை அது செக்-23ஏ என்ற வேறொரு ஜீனை அடக்கியது. அந்த ஜீன், செல் வெளியே சுரக்கும் புரதங்களை அனுப்பும் வழியில் வேலை செய்வது. வெளியே போகாமல் நின்ற புரதங்களில், புதுக் கட்டி முளைப்பதைத் தடுப்பவையும் இருந்தன.

உங்கள் வயலில் வைத்துப் பாருங்கள். நாற்றங்காலில் வேர் இறுக்கமாக இருந்தால் பிடுங்க வராது. ஆனால் புது வயலில் நட்ட பிறகு அதே வேர் பிடிக்கும் குணம் இருந்தால்தான் பிழைக்கும். மிர்-200 அந்த வேர் பிடிக்கும் குணம். கிளம்பும்போது அது எதிரி, போய்ச் சேர்ந்த பிறகு அதுவே துணை. இப்போது ஒரு நோயாளிக்கு மிர்-200 ஊசி போடுகிறோம் என்று வையுங்கள். இன்னும் கிளம்பாத செல்லைப் பிடித்து வைப்போம். ஏற்கெனவே நுரையீரலில் உட்கார்ந்து தத்தளிக்கும் செல்லுக்குத் தண்ணீர் ஊற்றியும் விடலாம். எந்தச் செல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியாமல் தொட முடியாது.

ஒரு மூலக்கூறு என்ன செய்யும் என்பது அது எந்தச் செல்லில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்களிடம் பரிசோதனை விற்க வந்தவர் கண்டிப்பாக இதைச் சொல்லியிருக்க மாட்டார்.


வார்டு9 | வியாழன், காலை 5:50

இரவுப் பணி முடித்து இதைப் படித்தேன். நான் புற்றுநோய் வார்டில் செவிலியர். பதினோரு வருடம்.

ஆய்வுமேசை அண்ணா, ஒரு கேள்வி. எங்கள் வார்டில் சில அம்மாக்களுக்கு எல்லா இடத்திலும் கட்டி கட்டுப்பாட்டில் இருக்கும், மூளையில் மட்டும் கேட்காது. மருந்து மூளைக்குள் போவதில்லை என்று டாக்டர் சொல்வார். அது மட்டும்தானா காரணம்?


ஆய்வுமேசை | வியாழன், இரவு 8:30

அது பெரிய காரணம், ஆனால் அது மட்டுமில்லை. நான் இதுவரை எழுதியதெல்லாம் செல்லுக்குள் நடப்பது. 2007ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் யான் லோட்வால் குழு, செல்கள் வெளியே விடும் எக்சோசோம் என்ற மிக நுண்ணிய கொழுப்புப் பைகளுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. இருக்கிறது, அது இன்னொரு செல்லுக்குள் போகிறது என்று காட்டியது. அதாவது செல்லுக்குச் செல் பார்சல்.

புற்றுநோய் செல் இதை எப்படி எல்லாம் பயன்படுத்துகிறது என்பதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசையும். கலிஃபோர்னியாவில் எமிலி வாங் குழு 2014ல் காட்டியது: மார்பகப் புற்றுநோய் செல் மிர்-105ஐப் பையில் போட்டு அனுப்புகிறது. அது ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்லுக்குள் போய், சுவரை இறுக்கிப் பிடிக்கும் இசட்.ஓ.-1 புரதத்தைக் குறைக்கிறது. சுவர் ஒழுகும், செல் புகுந்துவிடும். அடுத்த வருடம் அதே குழு மிர்-122 பற்றி எழுதியது. அந்தப் பார்சல் நுரையீரல், மூளைச் செல்களுக்குப் போய் அவை குளுக்கோஸ் எடுப்பதைக் குறைக்கிறது. வரப்போகும் புற்றுநோய் செல்லுக்குச் சாப்பாடு மிச்சம் வைக்கிறது. விதை விழும் முன்பே மண்ணைப் பண்படுத்துகிறது.

உங்கள் மூளைக் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் தீஹுவா யூ குழு 2015ல் செய்தது. பி-டென் என்பது கட்டி வளர்வதை அடக்கும் காவல் ஜீன். மூளைக்குப் போன மார்பகப் புற்றுநோய் செல்களில் பி-டென் புரதம் இல்லை. செல்தான் அந்த ஜீனை இழந்துவிட்டது என்று நினைப்போம். ஆனால் அந்தச் செல்களை மூளையிலிருந்து எடுத்து வெளியே வளர்த்தால் பி-டென் திரும்பி வந்துவிட்டது! ஜீன் பத்திரமாகத்தான் இருக்கிறது. மூளையின் ஆஸ்ட்ரோசைட் செல்கள் மிர்-19ஏவைப் பையில் போட்டுப் புற்றுநோய் செல்லுக்கு அனுப்புகின்றன, அதுதான் பி-டென்னை அடக்குகிறது. நம்முடைய ஆரோக்கியமான மூளைச் செல் அனுப்பும் பார்சல் இது.

ஒரே விதை, மண் மாறியதும் குணம் மாறுகிறது. மார்பில் கேட்ட மருந்து மூளையில் கேட்காததற்கு இப்படியும் காரணங்கள் இருக்கலாம்.


வார்டு9 | வெள்ளி, காலை 6:20

இதைப் படித்துவிட்டு ஒரு அம்மாவின் கட்டிலருகே போய்ச் சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

செம்பருத்தி அக்கா, அந்த ரத்தப் பரிசோதனை பற்றி என் பக்கத்திலிருந்து ஒன்று. எங்கள் ஆய்வகத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு முறையாவது போன் வரும், "சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியிருக்கிறது, திரும்ப எடுத்து அனுப்புங்கள்" என்று. நரம்பு கிடைக்காமல் மெல்லிய ஊசியில் இழுத்தாலோ, குழாயை வேகமாகக் குலுக்கினாலோ சிவப்பணு உடைந்துவிடும். கீமோ போட்டவர்களுக்கு நரம்பு கிடைப்பதே கஷ்டம். சாதாரண பொட்டாசியமே அதில் தப்பாக ஏறிக் காட்டும். குட்டி ஆர்.என்.ஏ.வுக்கு எப்படி?


ஆய்வுமேசை | வெள்ளி, காலை 8:00

அதேதான் தங்கச்சி. சிவப்பணுவுக்குள் மிர்-451, மிர்-16 இரண்டும் ஏராளம். கொஞ்சம் உடைந்தாலும் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். அதை நோய் என்று படித்துவிடலாம். மிர்-16ஐ அளவுகோலாக வைத்தே பல ஆய்வுகள் நடந்தன, அளவுகோலே ஆடினால் எதை நம்புவது? தட்டணுவும் தன் பங்குக்குக் குழப்பும்.

ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. சிதையாமல் நிலைத்திருக்கிறது என்பது உண்மை. 2008ல் சியாட்டிலில் முனீஷ் தேவாரி குழு அதைக் காட்டியது. அன்று எங்கள் துறையில் எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை வந்தது. அதன் பிறகு ஆயிரக்கணக்கில் கட்டுரைகள். ஒரே நோய்க்கு ஒரு குழு சொல்லும் பட்டியலும் இன்னொரு குழு சொல்லும் பட்டியலும் ஒத்துப்போவதில்லை. "இனி எங்கே பரவும்" என்று ஒரு தனிப்பட்ட நோயாளிக்குச் சொல்லி, அதை வைத்துச் சிகிச்சையை மாற்றும் அளவுக்கு இன்று எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. ரத்தப் பரிசோதனையும் வரவில்லை. பயந்துபோன குடும்பத்திடம் வந்து இதை விற்பது எனக்குக் கோபமாக வருகிறது. வளையலை அடகு வைக்காதீர்கள்.


வார்டு9 | வெள்ளி, காலை 8:20

அதற்குப் பதிலாக டாக்டரிடம் ஒன்று கேளுங்கள் அக்கா. புதிதாக வந்த இடத்திலிருந்து ஊசி வைத்துத் திசு எடுக்க முடியுமா, எடுத்து ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோனைப் பிடிக்கும் புரதங்கள்), ஹெர்-2 (செல்லை வளரச் சொல்லும் புரதம்) மறுபடி பார்க்க முடியுமா என்று. 2021 ரிப்போர்ட்டில் இருந்தது இப்போது மாறியிருக்கலாம். மாறினால் மருந்தே மாறும். பழைய பயாப்ஸி பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த திசுத் துண்டு) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் கொடுப்பார்கள்.


கணக்குவாத்தியார் | வெள்ளி, மாலை 5:45

மருந்தாக ஏதாவது வந்திருக்கிறதா தம்பி? இத்தனை வருடம் ஆகிவிட்டதே.


ஆய்வுமேசை | சனி, காலை 7:30

ஐயா, குட்டி ஆர்.என்.ஏ.வை மருந்தாக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் சகோதரியான எஸ்.ஐ. ஆர்.என்.ஏ. வகையில் பாட்டிசிரான் என்ற மருந்துக்கு 2018ல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அது புற்றுநோய்க்கு அல்ல, ஒரு பரம்பரை நரம்பு நோய்க்கு. அந்த நோய்க்குக் காரணமான புரதம் கல்லீரலில் உருவாவது. கொழுப்பு உருண்டைக்குள் வைத்து ஏற்றும் ஆர்.என்.ஏ. தானாகவே கல்லீரலுக்குத்தான் போய்ச் சேர்கிறது, அதனால் அங்கே ஜெயித்தது. முதுகெலும்பில் பதுங்கிய பத்துச் செல்லுக்கு அதைக் கொண்டு சேர்ப்பது வேறு வித்தை.

புற்றுநோயில் நடந்ததையும் மறைக்கக் கூடாது. மிர்-34ஏ என்ற, கட்டியை அடக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் நகலை எம்.ஆர்.எக்ஸ்.34 என்ற பெயரில் 2013ல் மனிதர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தி கடுமையாகப் பொங்கி நால்வர் இறந்தார்கள். 2016ல் நிறுத்திவிட்டார்கள். சிட்னியில் மிர்-16 நகலை நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமாவுக்குக் கொடுத்த 26 பேர் சோதனை 2017ல் வெளியானது. அதில் ஒருவருக்கு நன்றாகச் சுருங்கியது. மிர்-10பியைக் கட்டிப்போடும் ஒரு மருந்தை இரும்பு ஆக்சைடு நுண்துகளில் ஏற்றி, பரவிய புற்றுநோய் உள்ளவர்களுக்கு 2024ல் முதல் கட்டமாகக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பாதுகாப்பானதா என்று பார்க்கும் கட்டம் அது. லீ மாவின் 2007 கட்டுரையிலிருந்து அங்கே வர 17 வருடம்.

அந்த நால்வர் பெயர் எனக்குத் தெரியாது. அவர்களும் யாரோ ஒருவருடைய அக்காவோ அண்ணனோதான். அவர்கள் கொடுத்த பாடத்தில்தான் அடுத்த மருந்தின் அளவை வைக்கிறோம்.


செம்பருத்தி78 | அடுத்த வியாழன், இரவு 9:15

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். பரிசோதனைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டாக்டரிடம் கேட்டோம், அவரே திசு எடுக்கத்தான் திட்டம் வைத்திருந்தாராம். ரிப்போர்ட் இன்று வந்தது. ஈ.ஆர். பாசிட்டிவ். கீமோ இப்போதைக்கு வேண்டாம், மாத்திரையும் மாதம் ஒரு ஊசியும், எலும்புக்குத் தனியாக ஒரு ஊசியும் என்றார்.

நாற்றுக் கதையை அக்காவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ 2021லேயே பிடுங்கி நட்டாச்சா? நான் அப்புறம் பத்தியம் விட்டதால வரலையா?" என்று கேட்டாள். நடுவில் ஒரு கல்யாணத்தில் நன்றாகச் சாப்பிட்டதை இத்தனை நாளாக மனதில் வைத்துக் குமைந்திருக்கிறாள். தம்பி, இதற்கு நீங்கள் எழுதினால் அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.


ஆய்வுமேசை | அடுத்த வியாழன், இரவு 10:50

அக்காவுக்கு நேராகவே எழுதுகிறேன்.

அக்கா, நீங்கள் சாப்பிட்டதால் வரவில்லை. விரதம் விட்டதாலும் இல்லை, கவலைப்பட்டதாலும் இல்லை. உங்கள் வகை மார்பகப் புற்றுநோயில், கட்டியைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே சில செல்கள் கிளம்பிவிடுவதுண்டு. எந்த ஸ்கேனுக்கும் தெரியாத அளவு சிறியவை. எலும்பு மஜ்ஜைக்குள் போய்த் தூங்கும். சிலருக்கு ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம் கழித்துக்கூட விழிக்கும். கீமோ வேகமாகப் பெருகும் செல்லைத்தான் தேடிக் கொல்கிறது, தூங்கும் செல் தப்பிவிடும். ஒன்றும் இல்லை என்று உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த அளவில் ஒன்றும் இல்லை.

தூங்க வைப்பதிலும் குட்டி ஆர்.என்.ஏ.வுக்குப் பங்கு இருக்கிறது. டோக்கியோவில் தகாஹிரோ ஓச்சியா குழு 2014ல், எலும்பு மஜ்ஜையின் மீசன்கைமல் என்ற தண்டு செல்கள் மிர்-23பியைப் பையில் அனுப்பி மார்பகப் புற்றுநோய் செல்லைத் தூங்க வைக்கின்றன என்று காட்டியது. உங்கள் எலும்பு இத்தனை வருடம் அதைப் பிடித்து வைத்திருந்திருக்கலாம். ஏன் விட்டது என்று இன்று உலகத்தில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நான் ஆய்வகத்தில் பார்ப்பதும் அதைத்தான்.

மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கல்யாணச் சாப்பாடு சாப்பிடுங்கள்.


வார்டு9 | வெள்ளி, காலை 6:05

அக்கா, இரண்டு விஷயம். எலும்பு ஊசி ஆரம்பிக்கும் முன் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் இப்போதே பிடுங்கிவிட வேண்டும், ஊசி போட்ட பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். இரண்டாவது, முதுகெலும்பில் இருப்பதால் சொல்கிறேன்: திடீரென்று கால் பலம் குறைந்தாலோ, மரத்துப் போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். நடுராத்திரி என்றாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.


செம்பருத்தி78 | வெள்ளி, காலை 7:40

இரண்டையும் காலண்டர் அட்டையில் எழுதி ஒட்டிவிட்டேன் தங்கச்சி. தம்பி எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படி என்றாள். பல் டாக்டர் நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.